கண்ணாடிக்குப் பிறந்த வீடு எது?

இந்தப் பேச்சை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் ஒரு பள்ளிக்கூட வேதியியல் ஆசிரியர். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு பேச்சு நடக்க வேண்டும், மேடையில் யாரும் என் பெயரைச் சொல்லிப் புகழக் கூடாது என்று எழுதிவைத்தவர். அவர் சொல்லைக் காப்பாற்றி, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் வயதுக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு விளையாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். ஒரு துண்டின் நடுப்பகுதியை மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்து வளையும். இரண்டு முனையும் ஒட்டும்வரை வளைத்து, அதற்குள் அடுத்த துண்டை நுழைத்து, அதையும் சுடரில் காட்டி வளைத்து, இப்படியே கோத்துக்கொண்டு போனால் சங்கிலி. என் அக்கா இதில் கைகாரி. எங்கள் வீட்டு நிலைப்படியில் மூன்று முழச் சங்கிலி தொங்கும். எனக்கு விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

வேதியியல் படித்து, பழைய கண்ணாடிகளை ஆராய வந்த பிறகு ஒரு நாள் உறைத்தது: என் அக்கா செய்தது கண்ணாடித் தொழிலின் பின்பாதி. செய்து வைத்த கண்ணாடியைச் சூடுகாட்டி வடிவம் கொடுப்பது. அதற்கு 600, 700 டிகிரிச் சூடு போதும். ஒரு மெழுகுவத்தி போதும். முன்பாதி வேறு. மணலையும் உப்பையும் கொட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் எரித்து, இல்லாத ஒரு பொருளை உண்டாக்குவது. அதை வீட்டு நிலைப்படியில் உட்கார்ந்து செய்ய முடியாது. காடு வேண்டும், உலை வேண்டும், அதற்கேற்ற மணலும் உப்பும் வேண்டும்.

ஆகவே கண்ணாடிக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. இரண்டும் ஒரே ஊரில் இருக்கலாம். ஆயிரம் காத தூரத்திலும் இருக்கலாம். மண்ணுக்குள்ளிருந்து ஒரு மணி கிடைத்தால் அது மூன்றாவது ஓர் ஊர், அது கடைசியாகத் தங்கிய ஊர். நம் செய்தித்தாள்கள் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன. 'இங்கே கிடைத்தது, ஆகவே இங்கே செய்தது' என்று ஒரு தரப்பு. 'அழகாக இருக்கிறது, ஆகவே ரோமிலிருந்து வந்தது' என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே மணியைக் கேட்காமல் சொல்லும் தீர்ப்பு. மணியைக் கேட்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கண்ணாடியின் சமையல் எளிது. மணலில் உள்ள சிலிக்காவைத் தனியாக உருக்க 1700 டிகிரிச் சூடு வேண்டும். பழங்காலத்து உலை எதுவும் அதை எட்டவில்லை. சோடா உப்பைச் சேர்த்தால் உருகும் சூடு ஆயிரம், ஆயிரத்து நூறு டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் சோடாவும் சிலிக்காவும் மட்டும் சேர்ந்தால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைப் பிடித்து நிறுத்தச் சுண்ணாம்பு வேண்டும். மணல், சோடா, சுண்ணாம்பு: இந்த மூன்றும் எந்த மண்ணிலிருந்து, எந்தச் செடியிலிருந்து, எந்த ஏரியிலிருந்து வந்தன என்பதில்தான் எல்லா வழக்கும்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி, கிபி 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர், ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். இன்றைய இஸ்ரேலின் ஆக்ரே நகருக்குப் பக்கத்தில் பெலுஸ் என்ற சிற்றாறு கடலில் கலக்கிறது. அந்தக் கரையில் சோடா உப்பு வணிகர்கள் சமைக்க இறங்கினார்களாம். அடுப்புக் கூட்ட கல் கிடைக்கவில்லை. கப்பலில் இருந்த உப்புக் கட்டிகளையே அடுப்புக்கட்டியாக வைத்துத் தீ மூட்ட, உப்பும் மணலும் உருகிக் கண்ணாடி ஓடியதாம். சமையல் அடுப்பில் அவ்வளவு சூடு வராது, கதை பொய். ஆனால் பொருள் கணக்கு மெய். அந்தக் கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு அதிலேயே இருப்பதால் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. உப்பு எகிப்தின் வாடி நத்ரூன் பள்ளத்து ஏரிகளில் காய்ந்து கிடைக்கும் நேட்ரான். இரண்டையும் சேர்த்தால் கண்ணாடி. கதை கட்டியவர் கைத்தொழிலாளியிடம் காது கொடுத்திருக்கிறார்.

பழைய கண்ணாடியை முதன்முதலில் முறையாகப் பகுத்துப் பார்த்தவர் ஜெர்மன் வேதியியலாளர் மார்ட்டின் ஹைன்ரிஷ் கிளாப்ரோத். காப்ரித் தீவில் தைபீரியஸ் பேரரசரின் மாளிகையிலிருந்து கிடைத்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளை 1798இல் ஆராய்ந்தார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1789இல் யுரேனியத்தையும் சிர்க்கோனியத்தையும் கண்டறிந்தவரும் அவரே. அந்த இரண்டு தனிமங்களும் நம் ஊர் மணிகளின் கதையில் பின்னால் வரப்போகின்றன. அதை அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கிளாப்ரோத் காலத்தில் ஒரு துண்டை ஆராய வேண்டுமென்றால் அதைப் பொடித்து அமிலத்தில் கரைக்க வேண்டும். ஆராய்ந்து முடித்தால் பொருள் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கொஞ்சம் பொருளைக் கொண்டு நிறையத் துண்டுகளை அளக்கும் வழிகள் வந்தன. 1961இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் எட்வர்ட் சேயரும் ரே ஸ்மித்தும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாட்டு, பல காலத்துக் கண்ணாடிகளை அளந்து பார்த்ததில், அவை கண்டபடி சிதறாமல் சில கொத்துகளாக விழுந்தன. பிரித்துக் காட்டியவற்றில் முதன்மையானவை இரண்டு: மக்னீசியமும் பொட்டாசியமும்.

இதன் காரணம் சமையலில்தான் இருக்கிறது. நேட்ரான் சுத்தமான உப்பு. அதில் மக்னீசியமும் பொட்டாசியமும் மிகக் குறைவு. உவர்நிலத்துச் செடியை எரித்த சாம்பலில் இரண்டும் தாராளம். எனவே இரண்டும் ஒன்றரை விழுக்காட்டுக்குக் கீழே என்றால் கனிம உப்பு. மேலே என்றால் செடிச் சாம்பல். வெண்கலக் கால எகிப்தும் மெசபொடேமியாவும் சாம்பல் பக்கம். ரோம் நேட்ரான் பக்கம். பிறகு கிபி 8, 9ஆம் நூற்றாண்டுகளில் நேட்ரான் வரத்து குறைந்து, மேற்காசியா மறுபடி சாம்பலுக்குப் போனது. இத்தனையும் இரண்டு எண்களிலிருந்து.

இன்று ஆய்வகங்களில் பெரிதும் நம்பப்படுவது லேசர் முறை. மணியை அப்படியே ஒரு சிறு அறைக்குள் வைத்து, தலைமுடியின் தடிமனே உள்ள ஒரு புள்ளியில் லேசரைப் பாய்ச்சுவார்கள். அங்கிருந்து ஆவியாகும் துகளை ஆர்கான் வாயு அள்ளிக்கொண்டு போய்ச் சில ஆயிரம் டிகிரிப் பிளாஸ்மாவில் சேர்க்கும். அங்கே எல்லாம் தனித்தனி அயனிகளாகும். அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி ஐம்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் அளவைச் சொல்லிவிடும், பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலும்கூட. மணியில் கண்ணுக்குத் தெரியும் காயம் இருக்காது. கருவி சொல்வது சரிதானா என்று பார்க்கத் தெரிந்த சேர்மானமுள்ள கண்ணாடிகளையும் கூடவே அளப்பார்கள். அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் வாழ்நாள் முழுவதும் பழங்கண்ணாடியே கதியென்று இருந்த ராபர்ட் பிரில், பழைய கண்ணாடிகளைப் போலவே கலந்து உருக்கிய கார்னிங் ஏ, பி, சி, டி என்ற நான்கு ஒப்பீட்டுக் கண்ணாடிகள் இன்றும் இதற்குப் பயன்படுகின்றன. கடைக்காரரின் எடைக்கல் மாதிரி.

எளிய கருவிகளும் உண்டு. கையில் பிடித்துக்கொண்டு குழிக்குள்ளேயே அளக்கும் எக்ஸ் கதிர்க் கருவி ஒன்று இருக்கிறது. அதை நம்பி நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு சில நீல மணிகளை அளந்தேன். பொட்டாசியம் தெரிந்தது, சோடியம் தெரியவில்லை. 'பொட்டாஷ் கண்ணாடி', அதாவது சோடாவுக்குப் பதில் பொட்டாசிய உப்பு போட்டது, என்று எழுதிவிட்டேன். சோடியத்திலிருந்து வரும் கதிர் மிக மெலிது. கருவியை எட்டுமுன் காற்றிலேயே அடங்கிவிடும். அந்தக் கருவிக்குச் சோடியம் தெரியாது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, மண்ணில் கிடந்த மணியின் மேல்தோலிலிருந்து சோடாவை ஈரம் ஏற்கெனவே உறிஞ்சிப் போயிருக்கும். பிறகு லேசரில் வைத்தபோது அவை சோடாக் கண்ணாடி. கருவி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரியாததை நான் இல்லாததாக எடுத்துக்கொண்டேன்.

சரி, வணிகத்துக்கு வருவோம். 1982இல் துருக்கியின் தென்கரையில் காஷ் ஊருக்கருகே, உலுபுருன் முனையில் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கடலடியில் விநோதமான உலோகக் கட்டிகளைப் பார்த்ததாகச் சொன்னார். 1984 தொடங்கிப் பத்தாண்டுகள் ஜார்ஜ் பாஸும் ஜெமால் புலாக்கும் அந்தக் கப்பலைத் தோண்டினார்கள். கிமு 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பல். பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், கூடவே சுமார் 175 கண்ணாடிக் கட்டிகள். இட்லிக் கொப்பரையில் வார்த்தது போன்ற தடித்த வட்டங்கள். கருநீலம், வான்நீலம், ஊதா. ஒரு கிண்ணமோ குவளையோ ஆகாத, வெறும் கச்சாக் கண்ணாடி. பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பி, புகுந்த வீடு போய்ச் சேராமல் நடுக்கடலில் நின்றுபோன கண்ணாடி.

எங்கே பிறந்தது? எகிப்தின் அமர்னா நகரில் கிடைத்த களிமண் வார்ப்புக் குடுவைகளின் அளவோடு இந்தக் கட்டிகள் பொருந்தின. சேர்மானமும் பொருந்தியது. குறிப்பாகக் கருநீலத்தைப் பாருங்கள். நீலம் தருவது கோபால்ட். எகிப்தியர் அதை மேற்குப் பாலைவனச் சோலைகளின் படிகாரத்திலிருந்து எடுத்தார்கள். அந்தப் படிகாரத்தில் கோபால்ட்டோடு துத்தநாகம், நிக்கல், மாங்கனீசு, அலுமினா எல்லாம் கூட்டாளிகளாக வருகின்றன. வேறு நாட்டுக் கோபால்ட்டுக்குக் கூட்டாளிகள் வேறு. நிறம் கண்ணுக்கு ஒன்றுதான். கூட்டத்தோடு பார்த்தால் ஊர் தெரிந்துவிடும்.

எகிப்துக்கும் மெசபொடேமியாவுக்கும் இடையில்தான் நெடுநாள் குழப்பம் இருந்தது. இரண்டும் செடிச் சாம்பல் கண்ணாடி, பெருந்தனிமங்களில் வித்தியாசம் இல்லை. 2007இல் ஆண்ட்ரூ ஷார்ட்லேண்டும் உடனிருந்தவர்களும் சின்னஞ்சிறு அளவுகளைப் பார்த்தார்கள். எகிப்துக் கண்ணாடியில் சிர்க்கோனியமும் டைட்டானியமும் தூக்கலாகவும், மெசபொடேமியக் கண்ணாடியில் குரோமியம் தூக்கலாகவும் இருந்தன. மணல் விட்டுப்போன தடம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேறு ஆய்வாளர்கள் டென்மார்க் மணிகளைப் பார்த்தார்கள். அங்கே ஓல்பி என்ற ஊரில், ஓக் மரத்தைக் குடைந்த பெட்டியில் புதைக்கப்பட்ட ஒரு பெண். சுமார் 3400 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவள். அவளோடு ஒரே ஒரு நீல மணியும் சில அம்பர் மணிகளும். அந்த நீல மணி எகிப்தின் கோபால்ட் கண்ணாடி என்று லேசர் சொன்னது. வடகடலின் அம்பர் தெற்கே போனது முன்பே தெரியும். மாற்றாக என்ன வந்தது என்பதற்கு ஒரு துளி விடை அந்த மணி.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இஸ்ரேலின் வடக்கே பெத் ஷெஅரிம் என்ற இடத்தில் 1956இல் ஒரு குகையை அருங்காட்சியகமாக்கச் சுத்தம் செய்தார்கள். புல்டோசர் ஒரு பெரிய பாறைப் பலகையில் முட்டி நின்றது. நீளம் 3.4 மீட்டர், அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தடிமன் அரை மீட்டர் அளவு. நகர்த்த முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றி அருங்காட்சியகத்தை அமைத்தார்கள். அதைக் கண்ணாடியாக இருக்குமோ என்று யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள். 1963இல்தான் பிரில்லும் உடன் வந்த குழுவும் சோதித்து, அந்தப் பாறை முழுக்கவே கண்ணாடி என்று உறுதிசெய்தார்கள். எடை சுமார் ஒன்பது டன்.

ஒன்பது டன் கண்ணாடி ஒரே வார்ப்பில். பதினோரு டன்னுக்கு மேல் மணலும் உப்பும் போட்டு, 1100 டிகிரியில் ஐந்து முதல் பத்து நாள் வரை எரித்திருக்க வேண்டும் என்று பிரில் கணக்கிட்டார். அதற்கு விழுந்த மரத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். பிறகு அந்த உலையை ஏன் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்? காரணம், கண்ணாடி கெட்டுப்போய்விட்டது. ஊடுருவிப் பார்க்க முடியாமல், கல்லைப் போல் உறைந்துவிட்டது. முதலில் இதை ரோமானிய காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது என்றே நினைத்தார்கள். 1999இல் இயன் ஃப்ரீஸ்டோனும் யாயெல் கோரின்-ரோசனும் சேர்மானத்தை மறுபடி பார்த்தபோது, அது நேட்ரான் கண்ணாடியே அல்ல, செடிச் சாம்பல் கண்ணாடி. அப்படியானால் காலம் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சுண்ணாம்பும் மிகையாக இருந்தது. கடற்கரை மணலில் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு. நேட்ரானோடு கலக்கும்போது அது அளவாக இருந்தது. நேட்ரான் கிடைக்காமல் சாம்பலுக்கு மாறியவர்கள், சாம்பலுக்குள்ளும் சுண்ணாம்பு இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை போலும். பழைய மணல், புதிய உப்பு. உப்புக்கு உப்பு மாற்றினோம், பருப்பும் ஏன் மாறிப்போனது என்று அவர்கள் தலையில் கைவைத்திருப்பார்கள்.

அந்தத் தோல்விதான் நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். நன்றாக வந்த கண்ணாடியை உடைத்து விற்றுவிடுவார்கள், நமக்கு ஒன்றும் மிஞ்சாது. இஸ்ரேலிலேயே ஹதேரா அருகே பெத் எலியேசரில் பதினேழு உலைகள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கண்ணாடி இல்லை. உலையைக் குளிரவைத்து, கடப்பாரையால் உடைத்து, கட்டி கட்டியாகக் கப்பலேற்றிவிட்டார்கள். உலைத் தரையில் ஒட்டிய மிச்சம் மட்டும் உண்டு. ஓர் உலைக்கு எட்டு, பத்து டன் என்றால், இங்கிருந்து போன கட்டிகளை வாங்கி எத்தனை ஊர்களில் எத்தனை ஊதுகுழல்கள் ஊதியிருக்கும்! அதற்கு முந்தைய ரோமானியக் கண்ணாடி உலகமும் இப்படித்தான்: பிறந்த வீடுகள் சில, புகுந்த வீடுகள் ஆயிரம். ஜெர்மனியின் கொலோனில் கிடைத்த குவளையைக் கொலோனில் ஊதியிருப்பார்கள். அதன் மணல் பாலஸ்தீனக் கரையிலோ எகிப்திலோ.

அந்த இரண்டில் எது? கிபி 301இல் டயோக்ளீஷியன் பேரரசர் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் இரு வகைக் கண்ணாடி வருகின்றன. அலெக்சாந்திரியக் கண்ணாடி, பவுண்டுக்கு 24 தினாரி. பச்சை சாயும் யூதேயக் கண்ணாடி 13. ஆனால் 'அலெக்சாந்திரியா' என்பது ஊர்ப் பெயரா, நம் 'பம்பாய் மிட்டாய்' போல வெறும் வகைப் பெயரா என்று வழக்கு நடந்துகொண்டே இருந்தது. ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) கைகொடுக்கவில்லை; காரணம், பாலஸ்தீனக் கரை மணலும் நைல் ஆறு தள்ளிவிட்டதுதான். 2020இல் ஜோர்தானின் ஜெராஷ் நகரக் கண்ணாடிகளில் ஹாஃப்னியம் ஐசோடோப்பை அளந்த ஆர்ஹூஸ் பல்கலைக்கழகக் குழு அந்த வழக்கை முடித்தது. ஹாஃப்னியம் சிர்க்கான் என்ற கனமான மணல் துகளில் இருக்கும். கரையோடு அலை தள்ளிக்கொண்டு போகும் வழியில் கனமான துகள்கள் முன்கூட்டியே படிந்துவிடும். அதனால் எகிப்து மணலுக்கும் பாலஸ்தீன மணலுக்கும் ஹாஃப்னியக் கணக்கு மாறுகிறது. ஆன்டிமனி போட்டு நிறம் நீக்கிய உயர்ரகக் கண்ணாடி, அதாவது ஆணையின் அலெக்சாந்திரியக் கண்ணாடி, எகிப்தில்தான் பிறந்திருக்கிறது. ஆணை எழுதிய குமாஸ்தா ஊர்ப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு தொல்லை உண்டு. பழைய கண்ணாடியை யாரும் குப்பையில் போடவில்லை. இத்தாலியின் கிராதோ கரையில் மூழ்கிய யூலியா ஃபெலிக்ஸ் என்ற கப்பலில் ஒரு பீப்பாய் நிறையக் கண்ணாடி உடைசல் இருந்தது. உருக்கிப் புதிதாக்கக் கொண்டுபோன சரக்கு. ஆன்டிமனிக் கண்ணாடியும், மாங்கனீசு போட்டு நிறம் நீக்கிய கண்ணாடியும் சேர்ந்து உருகினால் இரண்டும் ஒரே குவளையில் இருக்கும். வண்ணத் துண்டு ஒன்றிரண்டு விழுந்திருந்தால் செம்பும் ஈயமும் கொஞ்சம் தலைகாட்டும். அப்படிப்பட்ட குவளையிடம் பிறந்த வீடு கேட்டால் நாலைந்து வீட்டைச் சொல்லும். அதைப் பழைய உடைசல் என்று அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தத் தெரியாதவர்கள் எங்கள் துறையிலும் உண்டு.

இனி நம் பக்கம். பிளினி இந்தியக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறார். இந்தியர்கள் உடைந்த பளிங்கைக் கொண்டு கண்ணாடி செய்கிறார்கள், அதனால் அதற்கு நிகரே இல்லை என்று கேள்விப்பட்டாராம். நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மணி ஒத்துக்கொள்ளவில்லை. பளிங்கு என்பது சுத்தமான சிலிக்கா. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் பழைய கண்ணாடியின் பெரும்பகுதியில் அலுமினா ஐந்து விழுக்காடு முதல் பத்துக்கு மேலும் போகிறது. ரோமானியக் கண்ணாடியில் அது இரண்டு, மூன்றுதான். இவ்வளவு அலுமினா எங்கிருந்து வரும்? கருங்கல் தேய்ந்து உண்டான, ஃபெல்ட்ஸ்பார் துகள் நிறைந்த மணலிலிருந்து. உப்பு? மக்னீசியம் குறைவு என்பதால் சாம்பல் அல்ல, கனிம உப்பு. நமக்குப் பக்கத்தில் நேட்ரான் ஏரி இல்லை. ஆனால் உவர்மண் உண்டு. கோடையில் நிலத்தின் மேல் வெள்ளையாகப் பூக்குமே, வெள்ளாவி வைக்க அள்ளிக்கொண்டு போவார்களே, அதே மண். 1800-01இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், சித்ரதுர்க்கப் பக்கத்தில் இப்படி நில உப்பைக் கொண்டு வளையலுக்குக் கண்ணாடி உருக்கியதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பிளினி சொன்ன மாதிரி சுத்தத்தால் வந்த புகழ் அல்ல இது. அழுக்கு மணலையும் வண்ணான் உப்பையும் வைத்து வேலை வாங்கிய கை.

லோர் டியூசுபியு, பெர்னார் கிராதூஸ் முதலியோர் இந்த அலுமினாக் கண்ணாடிகளை நூற்றுக்கணக்கில் லேசரில் அளந்து, அவை ஒரே குடும்பம் அல்ல, பல குடும்பங்கள் என்று 2010இல் காட்டினார்கள். எதை வைத்துப் பிரித்தார்கள் தெரியுமா? முக்கியமாக யுரேனியமும் பேரியமும், சிர்க்கோனியமும் துணைக்கு. கிளாப்ரோத்தின் பிள்ளைகள் இருவரும் வந்துவிட்டார்கள். யுரேனியம் குறைந்து பேரியம் கூடிய ஒரு வகை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் நிறைய. யுரேனியம் கூடி பேரியம் குறைந்த இன்னொரு வகை, பிற்காலத்தில் மும்பைக்குத் தெற்கே சௌல் துறைமுகத்திலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும். இலங்கையின் குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவ என்ற இடத்தில் கண்ணாடி உலைகளின் எச்சங்களே கிடைத்திருக்கின்றன. முதல் வகைக்கு ஒரு பிறந்த வீட்டு முகவரி அது.

புதுச்சேரிக்கருகே உள்ள அரிக்கமேடு? 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியதும், 1989 முதல் விமலா பெக்லி மறுபடி தோண்டியதும் உங்களுக்குத் தெரியும். அங்கே மணி செய்தார்கள் என்பதில் ஐயமே இல்லை. இழுத்த குழல் துண்டுகள், பாதியில் கெட்ட மணிகள், ஒட்டிப்போன மணிக்கொத்துகள் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே கிடைத்த மணிகள் ஒரே சேர்மானத்தில் இல்லை. அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடி இருக்கிறது. பொட்டாஷ் கண்ணாடி இருக்கிறது. அரிக்கமேடு பெரிய புகுந்த வீடு. எல்லாவற்றுக்கும் அதுவே பிறந்த வீடு என்று சொல்ல நான் தயாரில்லை. இதனால் அந்த ஊருக்கு மதிப்புக் குறைவா? கொலோனுக்குக் குறையாதது இதற்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்?

கையின் பெருமையைப் பார்க்க வேண்டுமானால் திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டைக்குப் போக வேண்டும். அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், இந்தச் சிறு மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தவர், அரிக்கமேட்டு உடைசல்களுக்கு விளக்கம் தேடி அங்கேதான் போனார். உருகிய கண்ணாடியை லாடா என்னும் இரும்புக் குழாயில் கூம்பாகத் திரட்டுகிறார்கள். உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தித் துளை விடுகிறார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் உலையின் துவாரம் வழியாகக் கொக்கியால் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால், துளையோடு கூடிய கண்ணாடி நூல் வந்துகொண்டே இருக்கிறது. கை வேகம் கூடினால் நூல் மெலியும், குறைந்தால் தடிக்கும். பிறகு அதை நறுக்கி, துளை அடைபடாமல் சாம்பலில் புரட்டி, சூடுகாட்டினால் முனை மழுங்கி உருண்டை மணி. ஒரு திரளையில் ஆயிரமாயிரம். மணி மலிவானதற்கும், கடல் கடந்ததற்கும் இந்த வேகம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

எங்கெல்லாம் போயிற்று! தாய்லாந்து, வியட்நாம், கொரியா, ஜப்பான். மேற்கே எகிப்தின் பெரெனிகே துறைமுகம். அதோடும் நிற்கவில்லை. கான்ஸ்தந்தின் பியோனும் கிராதூஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. மெரோவிங்கிய காலத்து, அதாவது 5, 6ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கல்லறைகளிலிருந்து எடுத்த பொடிமணிகள் நம் துணைக்கண்டத்து அலுமினாக் கண்ணாடி. நெடுங்காலம் அவற்றை உள்ளூர்ச் சரக்கு என்றே பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். ரோமானியக் கண்ணாடி நம் ஊருக்கு வந்ததைப் பற்றி நூறு கட்டுரை உண்டு. நம் மணி அவர்கள் கழுத்துக்குப் போனதை அலுமினா சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

வந்ததும் உண்மைதான். கிபி முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு இறக்குமதியாகும் பொருள்களில் கச்சாக் கண்ணாடியையும் சேர்க்கிறது. நம்மிடமே கண்ணாடி இருக்கும்போது அதை யார் வாங்கினார்கள், எதற்கு? தெளிந்த, நிறமற்ற கண்ணாடி நம் கருங்கல் மணலில் எளிதில் வராது. அதற்காக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இது ஊகம்தான், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மணிகளை அளக்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, நல்லது. கூடவே மண்ணையும் அளந்து பாருங்கள். காவிரி, வைகை, பாலாறு, பெண்ணை மணல்களை எடுத்து உருக்கிப் பாருங்கள். கோடையில் உவர் பூக்கும் நிலங்களை ஊர்ப் பெரியவர்களிடம், வெளுக்கிறவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அகழாய்வில் அழகான மணி வந்தால் எல்லாரும் கும்பிட்டுப் படமெடுக்கிறார்கள். உலைச்சுவர்த் துண்டு, கசடு, கண்ணாடி ஒட்டிய ஓட்டுச்சில்லு வந்தால் சாக்கில் போகிறது. பிறந்த வீட்டுச் சேதி அந்தச் சாக்கில்தான் இருக்கும். மழை பெய்த மறுநாள் மேட்டில் மணி பொறுக்கி விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாத மணிக்கு லேசர் ஊரைச் சொல்லலாம், காலத்தைச் சொல்லாது.

வாசலருகே மேசையில் ஒரு தட்டில் சிவப்பும் மஞ்சளுமாக மணிகள் வைத்திருக்கிறேன். பாப்பாநாயுடுபேட்டையில் போன மாதம் வாங்கியவை. பழையது என்று யாரும் ஏமாற வேண்டாம். ஆளுக்கு நாலு எடுத்துக்கொள்ளலாம். பூதக்கண்ணாடியும் பக்கத்தில் இருக்கிறது. துளைக்கு இணையாக மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். இழுத்த கையின் கோடுகள் அவை.